வெட்டாத புடவை

மகள் முதலில் அப்பாவின் நகத்தைப் பார்த்தாளா, கணுக்காலைப் பார்த்தாளா என்று என்னால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் பக்கத்து வீட்டுக்காரன். அன்று காலை வாசலில் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே நடந்ததில் பாதி அவள் பின்னால் சொன்னது. சொன்னதும் பார்த்ததும் இத்தனை வருடத்தில் ஒன்றாகிவிட்டன. நிறங்களை நான் மாற்றிச் சொல்லக்கூடும். ஜரிகை இழையைப் பற்றி மட்டும் தவறாகச் சொல்ல மாட்டேன்.

அவள் முன்னறையில் மண்டியிட்டு, பஞ்சை நனைத்து அப்பாவின் நகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பதினேழு வருடமாக வார்டு நர்ஸ். பிணவறையில் கழுவித்தான் அனுப்பியிருந்தார்கள், ஆனால் அங்கே எப்படிக் கழுவுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். வலது கை ஆள்காட்டி விரல் நகத்தின் அடியில் ஏதோ மின்னியது. குண்டூசியால் நெம்பினாள். ஜரிகை. ஒரு நுனிதான் தெரிந்தது, இழுத்தால் இரண்டு அங்குலம் வந்தது.

"என்னடி அது?" என்றாள் அம்மா, சுவரோரத்திலிருந்து.

"நூலும்மா."

"என்ன நூலு?"

மகள் இழையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டாள். பிறகு போர்வையின் கால்மாட்டைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு கணுக்கால்களையும் சேர்த்து, பட்டையாக ஒரு தடம். போர்வையை இழுத்துச் செருகினாள்.

அவர் நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்தவர். ஆற்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் இழுக்கும் குழாயின் வாயில் கட்டைவிரல் பருமனில் இரும்புக் கம்பிகள் நட்டிருக்கும். வருவதெல்லாம் அதில் மாட்டும்: கிளை, பிளாஸ்டிக் பை, செத்த நாய், துணி. துணிதான் அதிகம். ஆறு புனிதமான ஆறு. நேர்ந்துகொண்டவர்கள் அதற்குப் புடவை சாத்துவார்கள். வருடத்தில் ஒருநாள் அதற்கென்று ஒரு குழு, வீட்டுக்கு ஒன்றாகக் கேட்டு வாங்கிய நூற்றெட்டுப் புடவைகளை முந்தானையோடு முந்தானை முடிந்து, படகில் வைத்து இக்கரையிலிருந்து அக்கரை வரை இழுத்துக் கட்டும். சூரியன் பட்டு ஆறு முழுக்க உடுத்திக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். பார்க்க அழகுதான், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிறகு இரண்டு கரையிலும் முடிச்சை அவிழ்த்துவிடுவார்கள். மொத்தமும் ஒரே துணியாக ஆற்றோடு போகும். எங்கே போகும் என்று யாரும் கேட்டதில்லை. ஒன்றரை மைல் போகும். கம்பிக்குப் போகும்.

மோட்டாரின் சத்தம் மாறியதும் அவர் அதை நிறுத்திவிட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவார். முந்தாநாள் அப்படித்தான் இறங்கினார்.

பத்து மணிக்குச் சித்தப்பா வந்தார். இறந்தவரின் தம்பி. புடவைக் குழுவின் செயலாளர். அவரோடு குழுக்காரர்கள் இருவர், ஆளுயர மாலையோடு. மாலையைப் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணி, நான் ஒண்ணு சொன்னா அழாம கேக்கணும். யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு சாவு? சாத்துன அன்னிக்கே, சாத்துன புடவையிலயே ஆத்துத் தாய் சுத்தி எடுத்துக்கிட்டா. ஊரே பேசுது."

"அவரு வேலைக்குப் போனாரு சித்தப்பா" என்றாள் மகள்.

"அந்த வேலையும் அவளோடதுதானே அம்மாடி."

"சம்பளம் அவ குடுக்கல."

குழுக்காரர்களில் ஒருவர் இருமினார். சித்தப்பா அவளைப் பார்க்காமல் அம்மாவிடமே பேசினார். அன்றைக்கு நேரத்துக்கு வராமல் பிந்தி வந்த புடவைகள் ஐம்பது குழுவிடம் இருக்கின்றன. சாயங்காலம் நாலு மணிக்கு அண்ணன் பெயரில் அந்த ஐம்பதையும் சாத்திவிடலாம். முதல் புடவை அண்ணியுடையதாக இருக்க வேண்டும். மைக் சொல்லியாகிவிட்டது.

அம்மா எழுந்து போய் பீரோவைத் திறந்தாள். அரக்கு நிறக் கல்யாணப் புடவையை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, அதை உள்ள வை."

"அவருக்குக் குளுமையா இருக்கும்டி."

"நீ விடுற புடவை எங்க போகும்னு உனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் அந்த மனுஷனுக்குச் சோறு கட்டிக் குடுத்தியே?"

"தாய்கிட்ட போகும்."

"கம்பிக்குப் போகும். நாளைக்குக் காலையில அப்பாவுக்குப் பதிலா ஒட்டகம் அண்ணன் இறங்கணும்."

"அதுக்குத்தானேம்மா அவனை வச்சிருக்காங்க" என்றார் சித்தப்பா, மிகவும் மெதுவாக, குழந்தைக்கு விளங்க வைப்பதுபோல.

மகள் அவரைப் பார்த்தாள். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் இதைச் சொல்ல முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா வேறு ஏதோ ஒரு குரலில் சொன்னாள்: "கண்ணாடி இல்லாம அவரு முகமே யாரு முகமோ மாதிரி இருக்கு. அதை எங்க வச்சாரோ?"

"மோட்டார் ரூம்ல இருக்கும், எடுத்துட்டு வரேன்" என்று மகள் எழுந்துவிட்டாள். அந்த அறையில் இன்னும் ஒரு நிமிடம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது என்றாள் பின்னால்.

ஒட்டகம் நீரேற்று நிலையத்தின் படியில் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் கூட்டாளி. கழுத்து நீளம் என்பதால் வந்த பெயர், சம்பள நாளில் கேஷியர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். சாவு வீட்டுக்கு அவர் வரவில்லை. அவளுடைய ஸ்கூட்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"ஏண்ணே வரல?"

"எந்த முகத்தோட வருவேன்? கயிறு என் கையிலதான் இருந்துச்சு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே ஒரு மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அதிர்வு படிக்கல் வழியாக முதுகுக்கு ஏறியது. அப்பா இதைத்தான் தினமும் முதுகில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா என்று நினைத்தாள்.

"மூணு தரம் இழுத்தா தூக்கணும். அதான் கணக்கு" என்றார் ஒட்டகம். "பெருசு இழுக்கவே இல்ல. நேரம் ஆகுதேன்னு நானா இழுத்தேன். கயிறு வரல. கீழ யாரோ பிடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி இருந்துச்சு. குதிச்சேன். கால் ரெண்டையும் புடவை சுத்தியிருந்துச்சு. வெட்டினேன்."

"அவர்கிட்ட கத்தி இல்லையா?"

ஒட்டகம் எழுந்து உள்ளே போனார். மேசையிலிருந்து இரண்டு பொருட்களைக் கொண்டுவந்தார். ஒன்று கண்ணாடி. இன்னொன்று இடுப்பு வாரோடு இருந்த கத்தி. உறையின் பொத்தான் போட்டபடியே இருந்தது.

"முப்பது வருஷமா பொத்தானைக் கழட்டினதே இல்ல. நான் திட்டுவேன். 'யோவ் பெருசு, வெட்டிப் போட்டா அஞ்சு நிமிஷம், நீ என்னய்யா தலை பின்னிவிடுற மாதிரி ஒவ்வொண்ணா பிரிச்சுக்கிட்டு இருக்கே'ன்னு. 'உடுத்திக்கக் குடுத்ததை நாம கிழிக்கலாமாடா'ன்னுவாரு. ஒவ்வொண்ணா அவுத்து, சுத்தி எடுத்துட்டு வருவாரு."

மகள் கத்தியை வாங்கிப் பொத்தானை அழுத்தினாள். துருப்பிடித்து இறுகியிருந்தது. இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்திய பிறகுதான் திறந்தது.

"வெட்டியிருக்கலாம்லப்பா" என்றாள். அப்பா அங்கே இல்லை. வீட்டில், கண்ணாடி இல்லாமல், சித்தப்பாவின் மாலைக்குக் கீழே இருந்தார். வந்த கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை. முடிச்சுப் போட்டு ஆற்றில் விட்டவர்கள்மேலா, அவிழ்க்கப் போனவர்மேலா?

"எடுத்ததை எல்லாம் என்ன பண்ணுவாரு?"

ஒட்டகம் அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். முன்பு குளோரின் வைத்திருந்த அறை. பூட்டைத் திறந்தார். தரையிலிருந்து கூரை வரை புடவைகள். அலசி, உலர்த்தி, ஓரம் ஓரமாகச் சேர்த்து மடித்து, ஒரே அகலத்தில் அடுக்கியவை. அடியில் இருந்தவை நிறம் செத்து மண் நிறமாகியிருந்தன. மேலே இருந்தவற்றில் இன்னும் கிளிப்பச்சையும் மஞ்சளும் தெரிந்தன. வண்டல் வாசனை.

"வீட்டுக்கு ஒண்ணுகூட எடுத்துட்டுப் போனதில்ல. நான் ஒரு தரம் கேட்டேன், என் வீட்டுக்காரிக்கு. அடிக்க வந்துட்டாரு."

மூலையில், மடிக்காமல், ஈரமாக ஒரு குவியல் இருந்தது. முடிச்சுகள் முடிச்சுகளாக.

"அது முந்தாநாளோடது" என்றார் ஒட்டகம். "அதுல ஒரே ஒரு வெட்டுதான் இருக்கு. நான் வெட்டினது."

மகள் குனிந்து ஒரு முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அதோடு அடுத்தது வந்தது. அதோடு அடுத்தது.

"அண்ணே, சரக்கு ஆட்டோ கிடைக்குமா?"

கண்ணாடியைப் போட்டதும் அவர் முகம் திரும்பிவந்தது. அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். இரண்டு மணிக்கு எடுத்தோம். மூன்றேகாலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. நாலு மணிக்குப் படித்துறையில் மைக் பேச ஆரம்பித்தது.

"ஆற்றோடு ஆறாகக் கலந்துவிட்ட அந்தப் புண்ணியவானின் நினைவாக…"

பேசியவர் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். படகில் ஐம்பது புடவைகள் முடிந்து தயாராக இருந்தன. இருநூறு பேர் இருப்பார்கள். அம்மா முதல் படியில் மடியில் அரக்குப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிப் பெண்கள்.

சரக்கு ஆட்டோ கூட்டத்தின் பின்பக்கமாகப் படித்துறை வரை வந்து நின்றது. மகளும் ஒட்டகமும் இறங்கினார்கள். அவள் பின்கதவைத் திறந்து, கைக்கு வந்த நுனியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி நடந்தாள். பின்னால் புடவைகள் வந்துகொண்டே இருந்தன. சேற்றோடு, பாசியோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட. ஜனங்கள் உடுப்பில் பட்டுவிடுமென்று விலகினார்கள். மைக் நின்றது.

"என்ன இது?" என்றார் தலைவர்.

"நீங்க குடுத்தது சார். வேண்டாம்னு திருப்பிக் குடுத்துட்டாங்க."

"யாரு?"

"உங்க தாய்தான். ஒன்றரை மைல்லயே வேண்டாம்னுட்டாங்க. வருஷா வருஷம் வேண்டாம்னுட்டுத்தான் இருக்காங்க. எங்கப்பா உங்களுக்குச் சொல்லாம எடுத்து வச்சிருந்தாரு, நீங்க வருத்தப்படுவீங்கன்னு. வந்து அவங்கவங்க புடவைய எடுத்துக்கங்க."

யாரும் அசையவில்லை. பிறகு ஒரு பெண் குனிந்து பார்த்தாள். நாக்கு நீளமானவள் என்று எங்கள் தெருவில் பெயரெடுத்தவள்.

"அக்கா," என்று தலைவரின் மனைவியைப் பார்த்துச் சொன்னாள், "இது உங்களோடதுல்ல? இஸ்திரி போடும்போது கருகிடுச்சுன்னு அன்னிக்குப் புலம்பினீங்களே?"

கத்திரிப்பூ நிறப் புடவை. கொசுவம் வரும் இடத்தில் இஸ்திரிப் பெட்டியின் தடம் முக்கோணமாக, பழுப்பாக இருந்தது. ஆறு அதைக்கூடக் கழுவவில்லை. சிரிப்பு ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி, சாவு வீட்டுச் சமாசாரம் என்று நினைவு வந்து அடங்கியது. தலைவரின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

சித்தப்பா இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. "உங்கப்பனை எடுத்த அன்னிக்கே அவன் மானத்தை வாங்குறியே. சாவு வீட்டுக்காரியாச்சேன்னு பாக்குறேன்."

"பாக்காதீங்க சித்தப்பா. உங்க அண்ணன் காலைப் பாத்தீங்களா? நான் பாத்தேன். மாலை போடும்போது நீங்க தலைப்பக்கமே நின்னுட்டீங்க."

"சாமி காரியத்துல…"

"சாமி காரியம்னா சாமிக்கு ஆகணும். இது யாருக்கு ஆச்சு?" அவள் குரல் உடைந்தது. நிறுத்தினாள். ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மைக் பிடித்திருந்தவன் அதைக் கீழே வைக்கவும் பயந்தான். பிறகு அவள் சாதாரணமாக, வார்டில் மருந்து வேளை சொல்லும் குரலில் சொன்னாள்.

"விடுங்க. நான் தடுக்கல. அம்பதையும் விடுங்க. ஆனா நாளைக்குக் காலையில யாரு கீழ இறங்கப்போறதுன்னு இப்ப மைக்குல பேரு சொல்லிட்டு விடுங்க. சித்தப்பா, உங்க பேரா? சார், உங்க பேரா?"

"அதுக்கு ஆள் இருக்காங்கல்ல" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"இருக்கேன்" என்றார் ஒட்டகம். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அத்தனை பேர் அவரை ஒன்றாகப் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். கழுத்தைக் குறுக்கிக்கொண்டார்.

அம்மா எழுந்தாள். ஒட்டகத்தின் எதிரில் வந்து நின்றாள்.

"நீ வெட்டுவியாப்பா?"

"வெட்டுவேங்க்கா. இனிமே வெட்டிடுவேன். ஆனா கலங்கல்ல எது துணி, எது நம்ம காலுன்னு தெரியாதுக்கா. கைய வச்சுத் தடவித்தான் பாக்கணும்."

"அவரு அப்படித்தான் பாப்பாரா?"

"ஆமாக்கா. மேல வந்து, அலசி, காயவச்சு மடிச்சிடுவாரு. ஒரு ரூம் நிறைய இருக்குக்கா. கடை மாதிரி."

"மடிச்சாரா? வீட்டுல ஒரு துண்டை மடிக்கத் தெரியாதே அந்த மனுஷனுக்கு" என்றாள் அம்மா. அதில் அழுகை இல்லை. ஏமாற்றப்பட்ட ஒருத்தியின் குரலாக இருந்தது.

பிறகு திரும்பி, படியில் இறங்கினாள். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று அரக்குப் புடவையைப் பிரித்தாள். சித்தப்பாவின் முகம் தெளிந்தது. "மைக், மைக்" என்று கையசைத்தார். ஆறு அதை வாங்கி நீளமாக விரித்தது. ஆறு கெஜமும் ஒழுக்கில் பரந்து, கரை மட்டும் மேலாக மிதந்து, கீழ்ப்பக்கமாக நீண்டு நின்றது. முந்தானையின் நுனி அம்மாவின் இரண்டு கைகளிலும் இருந்தது.

"விட்டுடுங்க அண்ணி."

அம்மா விடவில்லை. ஆறு இழுத்தது. அவள் அரையடி முன்னால் போனாள். மகள் செருப்போடு இறங்கி அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, விடுங்க. மனசாரக் குடுத்ததைப் பிடிச்சு வைக்கக் கூடாது."

"தாய்க்குக் காட்டியாச்சு" என்றாள் அம்மா, யாரிடம் என்று தெரியாமல். "போதும்."

கைக்குமேல் கை போட்டு இழுத்தாள். நனைந்த பட்டு கனத்தது. ஒட்டகம் ஒருமுறை முன்னால் வந்து, பிறகு நின்றுவிட்டார். மொத்தமும் கரைக்கு வந்ததும் அம்மா ஒரு முனையை மகளிடம் நீட்டினாள்.

"பிடி."

இருவரும் எதிரெதிரே நின்று புடவையை முறுக்கினார்கள். அம்மா ஒரு பக்கம், மகள் மறுபக்கம். தண்ணீர் படியில் ஊற்றி, எங்கள் கால்களை நனைத்துக்கொண்டு ஆற்றுக்குத் திரும்பிப் போனது. அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஐம்பது புடவைகளும் அன்று போகவில்லை. மறுநாள் விடிந்ததும், எங்கள் தெருக்காரர்கள் யாரும் படித்துறையில் இல்லாதபோது, குழு அவற்றை விட்டது. ஒட்டகம் இறங்க மறுத்தார். ஊருக்கு இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை. ஜனங்கள் குடத்தோடு போய் அவரைத்தான் திட்டினார்கள், குழுவை அல்ல. மூன்றாம் நாள் வெளியூரிலிருந்து ஓர் ஆள் வந்து வெட்டி எடுத்தார். ஒட்டகத்தை வேறு நிலையத்துக்கு மாற்றினார்கள். அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அறையிலிருந்த புடவைகளைக் கணக்கில் வராத பொருள் என்று லாரியில் ஏற்றிப்போனார்கள்.

அடுத்த வருடமும் நூற்றெட்டுப் புடவை சாத்தினார்கள். பேனரில் அவர் படம் இருந்தது, கண்ணாடியோடு. சித்தப்பா இப்போது தலைவர். மகள் அவரோடு பேசுவதில்லை. அம்மா ஒன்பது வருடம் இருந்தாள். அரக்குப் புடவையை விசேஷங்களுக்குக் கட்டினாள், யாராவது கேட்டால் ஆற்றில் நனைத்தது என்று மட்டும் சொன்னாள். மகள் இந்த வருடம் ஓய்வு பெற்றாள். அதே வீட்டில்தான் இருக்கிறாள். காலையில் குழாயைத் திறந்ததும் முதலில் வரும் தண்ணீரை, நூல் ஏதும் வருகிறதா என்று பார்ப்பதுபோல், சிறிது நேரம் கீழே விடுகிறாள். பிறகுதான் குடத்தை வைக்கிறாள்.